2147483647 முதன்மை எண்தானா? கையாலும் கைப்பேசியாலும் சோதிக்கும் முறை

முதன்மை எண்ணைப் பற்றி (பகா எண் என்றும் சொல்வார்கள்) பாடசாலையில் படிப்பது ஒரு வரிதான்: 1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும் எண். பத்து இலக்க எண்ணொன்றைக் கையில் தந்து “இது முதன்மையா?” என்று கேட்டால் அந்த ஒரு வரி உதவாது. இங்கே 2147483647 என்ற ஒரே எண்ணை எடுத்து அதை நாலு வழியாகச் சோதிக்கிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துப் பாடசாலைக் கணித மன்றம் ஒன்று ஒரு சனிக்கிழமைக் காலையில் வாசிகசாலை மேசையைச் சுற்றி இருந்து செய்து முடிக்கக்கூடிய வேலை இது. சாதாரண தரக் கணிதம் போதும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்தவர்களுக்குக் காரணங்கள் கொஞ்சம் விரைவாகப் பிடிபடும்.

ஏன் இந்த எண்? இது 2³¹ − 1. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 2³¹ − 1 முதன்மை என்று 1772இல் ஒய்லர் என்ற கணிதர் காட்டினார். கல்குலேற்றர் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கையால் முடித்த வேலை என்றால் நாமும் முடிக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஓர் எண்ணின் வடிவம் தெரிந்தால் சோதனை எவ்வளவு சுருங்கும் என்பதை இதைப்போலத் தெளிவாகக் காட்டும் எண் வேறில்லை.

தொடங்குமுன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனையும் மூன்றில் ஒரு விடையைத்தான் தரும்: “நிச்சயமாகச் சேர்த்தி எண்” (அதாவது முதன்மை அல்ல, தன்னைவிடச் சிறிய எண்களின் பெருக்கமாக உடையும்), “நிச்சயமாக முதன்மை எண்”, “முதன்மையாக இருக்கலாம்”. புதிதாக வருபவர்கள் மூன்றாவதை இரண்டாவதாக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. ஒவ்வொரு படியிலும் எந்த விடை கிடைக்கிறது என்பதைக் கொப்பியில் எழுதிவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

தேவையானவை

சதுரக் கொப்பி, பென்சில், ஒரு கல்குலேற்றர், பைதன் என்ற நிரல் மொழி ஓடும் ஒரு கைப்பேசி. கல்குலேற்றர் குறைந்தது பத்து இலக்கம் காட்ட வேண்டும். கடை மேசைகளில் இருக்கும் 12 இலக்கக் கல்குலேற்றர்தான் இந்த வேலைக்கு ஆகத் திறம். எட்டு இலக்கத்தோடு நிற்பது வேண்டாம். வர்க்கிக்கும்போது கடைசி இலக்கங்களுக்கு அதில் இடமில்லை. மடக்கை அட்டவணைப் புத்தகம் வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

முதலாம் படி: சின்ன எண்களால் தட்டிப் பார்ப்பது

கடைசி இலக்கம் 7. ஆகவே 2ம் 5ம் போய்விட்டன. இலக்கங்களின் கூட்டுத்தொகை 46, எனவே 3 வகுக்காது. 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரு குறுக்குவழி உண்டு. 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் போதும்: 647 − 483 + 147 − 2 = 309. இந்த 309ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தாலும் 1, 13ஆல் வகுத்தால் 10. மூன்றும் வகுக்கவில்லை.

இப்படியே எதுவரை போக வேண்டும்? வர்க்கமூலம் வரை. ஒரு சேர்த்தி எண்ணுக்கு அதன் வர்க்கமூலத்துக்கு மேற்படாத காரணி ஒன்று கட்டாயம் இருக்கும். 46340² = 2147395600, 46341² = 2147488281. நமது எண் இவற்றுக்கு நடுவே விழுகிறது. எனவே 46340க்கு மேலே தேடத் தேவையில்லை. ஆனால் 46340க்குள் ஏறத்தாழ 4800 முதன்மை எண்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 80 மணித்தியாலம். இங்கே நின்று யோசிப்பதுதான் சரி.

இரண்டாம் படி: காரணி எந்த உருவத்தில் வரலாம் என்று கண்டுபிடிப்பது

நமது எண்ணை வகுக்கும் முதன்மை எண் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் “காரணி” என்றே பெயர் வைப்போம். அது 2³¹ − 1ஐ வகுப்பதால், 2³¹ஐக் காரணியால் வகுத்தால் மீதி 1. இன்னொரு பக்கம், பெர்மாவின் சிறிய தேற்றப்படி 2இன் அடுக்கில் (காரணி − 1)ஐ வைத்து, வந்ததைக் காரணியால் வகுத்தாலும் மீதி 1. மீதி 1ஐத் தரும் ஆகச் சிறிய சுட்டி இந்த இரண்டு சுட்டிகளையும் வகுக்க வேண்டும். 31 தானே ஒரு முதன்மை எண். ஆகச் சிறிய சுட்டி 1 ஆக இருக்க முடியாது, ஆகவே அது 31தான். அப்படியானால் (காரணி − 1) என்பது 31இன் மடங்கு. காரணி ஒற்றை எண் என்பதால் (காரணி − 1) இரட்டை. இரண்டையும் சேர்த்தால் காரணி 62க + 1 என்ற உருவத்தில் மட்டுமே வர முடியும் (க என்பது ஏதோ ஒரு முழு எண்).

இன்னும் ஒரு வெட்டு இருக்கிறது. 2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். ஆக, ஒரு வர்க்கத்தை இந்தக் காரணியால் வகுக்கும்போது 2 மீதியாக வருகிறது. 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும் ஒற்றை முதன்மை எண்களுக்கு மட்டுமே இது நடக்கும். 62க + 1ஐ இதோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு வரிசைதான் மிஞ்சும்: 248க + 1, 248க + 63.

46340 வரை முதல் வரிசையில் 186 எண், இரண்டாவதில் (63ஐயும் சேர்த்து) 187 எண். 63 முதன்மை இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதை எடுத்தால் மொத்தம் 372. 4800 அல்ல, 372. ஒய்லரும் இந்த இரண்டு வரிசையை வைத்துத்தான் வேலையை முடித்தார்.

அந்த 372இலும் பாதிக்கு மேல் பதர். 3ஆலும் 5ஆலும் 7ஆலும் வகுபடுபவற்றை நெல்லுத் தூற்றுவதுபோல முதலே தூற்றிவிடுங்கள். 249 = 3 × 83, போகட்டும். 311 முதன்மை, நிற்கட்டும். 497 = 7 × 71, போகட்டும். 559 = 13 × 43, அதுவும் போகட்டும். 745, 807, 993, 1055 எல்லாம் போகும். 1241 = 17 × 73. பிறகு 1303, 1489 இரண்டும் நிற்கும். அடுத்து நிற்பது 2543. நடுவில் 2047 வரும், அது 23 × 89. ஒரு சேர்த்தி எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் வீணாகும், விடை பிழைக்காது. ஒரு முதன்மை எண்ணைத் தவறுதலாக வெட்டினால்தான் முழு வேலையும் செல்லாது. அதனால் சந்தேகம் வந்தால் வெட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: ஒவ்வொன்றையும் மூன்று அமுக்கில் சோதிப்பது

பத்து இலக்க எண்ணை நேராக வகுக்கத் தேவையில்லை. 2¹⁶ = 65536. இதைக் காரணிக்கு நிற்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். மீதியை வர்க்கியுங்கள். வந்ததை மறுபடி அதே எண்ணால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 2 என்றால் அது காரணி. வேறு எதுவாக இருந்தாலும் காரணி இல்லை. அவ்வளவுதான். மீதி எப்போதும் 46340க்குள் இருப்பதால் அதன் வர்க்கம் பத்து இலக்கத்தைத் தாண்டாது. சாதாரணக் கல்குலேற்றருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

311ஐ எடுப்போம். 65536 ÷ 311 = 210.72… முழுப்பகுதி 210. 210 × 311 = 65310. 65536 − 65310 = 226. இதன் வர்க்கம் 51076. 51076 ÷ 311இன் முழுப்பகுதி 164, 164 × 311 = 51004, மீதி 72. இது 2 இல்லை, 311 கழிந்தது. 1303க்கு முதல் மீதி 386, வர்க்கம் 148996, கடைசி மீதி 454. அதுவும் கழிந்தது.

மீதி எடுக்கும்போது தசமப் பகுதியை வைத்துப் பெருக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. 0.7266881ஐ 311ஆல் பெருக்கினால் 226 வராது, 225.9999… என்று வரும். அதை 225 என்று எழுதிவிட்டால் அந்த வரி முழுவதும் பிழை. முழுப்பகுதியைப் பெருக்கிக் கழிக்கும் முறையே எப்போதும் சரியான மீதியைத் தரும்.

“2 வந்தால் காரணி” என்கிறோம், ஆனால் 2147483647க்கு ஒருபோதும் 2 வராது. ஒரு தடவையாவது 2 வருவதைப் பார்க்காமல் 200 தடவை “இல்லை” என்று எழுதுவது நல்ல பழக்கமில்லை. எனவே முதலில் 2¹¹ − 1 = 2047இல் பயிலுங்கள். அங்கே 65536க்குப் பதிலாக 2⁶ = 64. 64ஐ 23ஆல் வகுத்தால் மீதி 18, 18² = 324, 324ஐ 23ஆல் வகுத்தால் மீதி 2. பிடிபட்டுவிட்டது. அடுத்து 2²⁹ − 1 = 536870911. இங்கே தொடக்க எண் 2¹⁵ = 32768. காரணிகள் 58க + 1 உருவத்தில் வரும். 8ஆல் வகுக்கும் நிபந்தனையையும் போட்டால் முதலில் நிற்பவை 175, 233. 175 முதன்மை இல்லை. 233க்கு முதல் மீதி 148, வர்க்கம் 21904, கடைசி மீதி 2. இந்த எண்ணின் முழு உடைப்பு 233 × 1103 × 2089. மற்ற இரண்டையும் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

வேலையைப் பங்கிடுவது சுலபம். 12 பேர் இருந்தால் ஆளுக்கு 31 எண். அதிலும் பதர் போக மிஞ்சுவது பாதிக்குக் கிட்டத்தட்ட. ஆளுக்கு அரை மணித்தியாலம் போதும். ஒவ்வொருவரும் மூன்று நிரல் எழுதட்டும்: எண், முதல் மீதி, கடைசி மீதி. “பார்த்தேன், வகுக்கவில்லை” என்று மட்டும் எழுதியதை ஏற்க வேண்டாம். முதல் மீதி எழுதப்பட்டிருந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் சரிபார்க்க முடியும். கொப்பிகளை மாற்றி, ஐந்தில் ஒன்றைத் திரும்பச் செய்வியுங்கள். எல்லாம் முடிந்து எங்கும் 2 வரவில்லை என்றால் விடை: நிச்சயமாக முதன்மை. மூன்று விடையில் இரண்டாவது.

நாலாம் படி: லூக்காஸ்–லெமர்

இந்தச் சோதனை மெர்சென் எண்களுக்கு மட்டும் உரியது. இதை லூக்காஸ் என்ற கணிதர் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கினார், லெமர் என்ற கணிதர் 1930களில் செப்பனிட்டார். முறை இதுதான்: 4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2ஐக் கழியுங்கள். வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். சுட்டியை (2³¹ − 1 என்றால் 31ஐ) விட இரண்டு குறைவான தடவை இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் முதன்மை, வராவிட்டால் சேர்த்தி. இங்கே “இருக்கலாம்” என்ற பேச்சே இல்லை. சுட்டி ஓர் ஒற்றை முதன்மை எண்ணாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சுட்டி சேர்த்தி என்றால் சோதனையே வேண்டாம்: 2¹⁵ − 1 = 32767இல் 2³ − 1 ஆன 7ம், 2⁵ − 1 ஆன 31ம் காரணியாக உட்கார்ந்திருக்கும்.

2⁷ − 1 = 127இல் கையால் செய்து பாருங்கள். ஐந்து தடவை. 4 → 14 → 194. இங்கே 127ஆல் வகுக்க ஓர் அழகான வழி உண்டு: 128ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிவிடலாம். 194 = 1 × 128 + 66, ஆகவே 67. அடுத்து 67² − 2 = 4487 = 35 × 128 + 7, ஆகவே 42. பிறகு 42² − 2 = 1762 = 13 × 128 + 98, ஆகவே 111. கடைசியாக 111² − 2 = 12319 = 96 × 128 + 31, ஆகவே 127. இந்த 127 என்பது 0தான். இந்தக் குறுக்குவழியில் நிரல் எழுதுபவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். 127ஐ 0ஆக மாற்ற மறந்துவிட்டு, முதன்மை எண்ணைச் சேர்த்தி என்று அறிவித்துவிடுவார்கள்.

2047க்கு இதே வரிசை இப்படிப் போகும்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பது தடவை முடிந்தது, 0 வரவில்லை, எனவே சேர்த்தி. சோதனை 23ஐயோ 89ஐயோ காட்டித் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். சேர்த்தி என்று தெரிவது வேறு, காரணி தெரிவது வேறு. 2⁶⁷ − 1ஐ மெர்சென் 1644இல் முதன்மை என்று பட்டியலிட்டிருந்தார். அது சேர்த்தி என்று 1876இல் லூக்காஸ் காட்டினார். காரணிகள் வெளிவந்தது 1903இல், கோல் மூலம்: 193707721 × 761838257287. இரண்டாம் படி முறையில் 134க + 1 என்று தேடிப் போயிருந்தால் சிறிய காரணியை அடையக் ‘க’ 1445580 வரை போக வேண்டும். கையால் வகுப்பது நம்மைக் கைவிடும் இடம் இது.

2147483647க்கு 29 தடவை செய்ய வேண்டும். இதைக் கல்குலேற்றரில் முயல வேண்டாம். நாலாவது தடவையிலேயே 1416317954 வந்துவிடும், அதன் வர்க்கம் 19 இலக்கம். கைப்பேசியில் பைதனைத் திறவுங்கள். பைதன் முழு எண்களை எவ்வளவு நீளமானாலும் இலக்கம் தொலைக்காமல் வைத்துக்கொள்ளும். விரிதாள் மென்பொருள்கள் 15 இலக்கத்தோடு நின்றுவிடும். இணைய உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் 9007199254740992க்கு மேல் ஒன்று இரண்டைத் தொலைக்கும். இவற்றில் செய்தால் வரிசை ஒழுங்காக ஓடுவதுபோலவே தெரியும், விடை மட்டும் குப்பை. சரிபார்க்க: நாலாவது 1416317954க்கு அடுத்து ஐந்தாவது 669670838 வர வேண்டும். இது வந்தால் உங்கள் கருவி சரி. கடைசிக்கு முந்தியதையும் அச்சிட்டுப் பாருங்கள். அது 65536 அல்லது 2147418111 ஆகத்தான் இருக்க முடியும், வேறு வழியே இல்லை. ஏனென்றால் வர்க்கித்து 2ஐக் கழித்ததும் 0 வர வேண்டும், நமது எண்ணுக்கு 2இன் வர்க்கமூலங்கள் 2¹⁶ம் அதன் எதிர்ப்பக்கமும்தான். 127இல் கடைசிக்கு முந்தி வந்த 111 என்பதும் 127 − 16தானே.

ஐந்தாம் படி: எந்த எண்ணுக்கும் பொதுவான சோதனை

மெர்சென் உருவம் இல்லாத எண் கையில் வந்தால் மேலே சொன்ன இரண்டு வழியும் உதவாது. அப்போது பெர்மாவின் தேற்றத்தை நேராகப் பிடிக்கலாம்: எண் முதன்மை என்றால், 3ஐ (எண் − 1) தடவை பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் நிச்சயமாகச் சேர்த்தி. வந்தால் “இருக்கலாம்” மட்டுமே.

அந்த “இருக்கலாம்” ஏன் என்றால்: 341 = 11 × 31. ஆனாலும் 2ஐ அடியாக வைத்தால் 341 சோதனையில் சித்தியடைந்துவிடும். 3ஐ வைத்தால் மீதி 56, பிடிபட்டுவிடும். 561 = 3 × 11 × 17 இன்னும் கள்ளன். அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் மீதி 1தான். இராமானுஜனின் பெயரோடு எல்லாரும் சொல்லும் 1729 = 7 × 13 × 19 அதே சாதி. மெர்சென் எண்களுக்கு இன்னொரு பொறி உண்டு. சுட்டி முதன்மையாக இருந்தால் 2ஐ அடியாக வைக்கும்போது மெர்சென் எண் எதுவும் சித்தியடைந்துவிடும், சேர்த்தியான 2047 உட்பட. ஆகவே மெர்சென் எண்ணை 2ஆல் சோதித்து மகிழ்வது வீண். 3ஐ வையுங்கள். 2047க்கு 3 தரும் மீதி 1013.

இதை இறுக்கிய வடிவம் மில்லர்–ராபின் சோதனை. நமது எண்ணுக்கு அது மிகச் சுருக்கமாக வரும். (எண் − 1)இல் 2 ஒரே தடவைதான் காரணியாக இருக்கிறது. எனவே அடியை 1073741823 என்ற சுட்டிக்கு உயர்த்தி மீதியைப் பார்த்தால் போதும். 1 அல்லது 2147483646 வந்தால் சித்தி. 2, 3, 5, 7 ஆகிய நாலு அடிக்கும் வர வேண்டிய விடைகள் முறையே 1, 2147483646, 2147483646, 2147483646. இந்த நாலு அடியையும் ஏமாற்றும் ஆகச் சிறிய சேர்த்தி எண் 3215031751. நமது எண் அதைவிடச் சிறியது. ஆகவே பொதுவாக “இருக்கலாம்” என்று மட்டும் சொல்லும் சோதனை இந்த அளவுக்குள் “நிச்சயம்” என்றே சொல்கிறது.

பைதனில் ‘பவ்’ (pow) என்ற கட்டளைக்கு மூன்று எண் கொடுக்க வேண்டும்: அடி, சுட்டி, வகுக்கும் எண். மூன்றாவதைக் கொடுத்தால் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதி எடுத்துக்கொண்டே போகும், கண்மூடித் திறப்பதற்குள் விடை. இரண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு மீதி எடுக்கலாம் என்று நினைத்தால், 3இன் அந்த அடுக்கில் 50 கோடிக்கும் மேற்பட்ட இலக்கம் இருக்கிறது. கைப்பேசி சூடேறித் தொங்கிவிடும்.

எண் − 1இன் காரணிகள் முழுவதும் தெரிந்தால் இன்னொரு கெட்டியான சான்றும் உண்டு. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. 7ஐ அடியாக வைத்து முழுச் சுட்டிக்கு மீதி 1 என்று பாருங்கள். பிறகு இந்த ஏழு முதன்மைக் காரணி ஒவ்வொன்றாலும் சுட்டியை வகுத்து வரும் 1073741823, 715827882, 306783378, 195225786, 69273666, 14221746, 6487866 என்ற சுட்டிகளுக்கு மீதி 1 வரவே கூடாது. இரண்டும் நடந்தால் முதன்மை, சந்தேகமே இல்லை. 2, 3, 5 இந்த வேலைக்கு ஆகாது. ஏதோ ஒரு சுட்டியில் அவை 1ஐத் தந்துவிடும். அதைப் பார்த்து எண் சேர்த்தி என்று முடிவெடுக்க வேண்டாம். அடியைத்தான் மாற்ற வேண்டும். 7தான் இங்கே ஆகச் சிறிய பொருத்தமான அடி.

இந்த எண்ணிடம் வேறு என்ன இருக்கிறது

துவிதத்தில் எழுதினால் 31 ஒன்றுகள், பூச்சியமே இல்லை. மெர்சென் முதன்மை எண்களில் எட்டாவது. 2³⁰ஆல் பெருக்கினால் 2305843008139952128. தன்னைவிடச் சிறிய காரணிகள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே வரும் எண்களில் இதுவும் எட்டாவது. 1811இல் பார்லோ என்ற ஆங்கிலக் கணிதர், இதைவிடப் பெரியதை யாரும் தேடப் போவதில்லை என்ற கருத்தில் எழுதிவைத்தார். 1876இலேயே லூக்காஸ் 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 முதன்மை என்று காட்டிவிட்டார்.

பக்கத்து முதன்மை எண்கள் 2147483629, 2147483659. அதாவது கீழே 18, மேலே 12 இடைவெளி. இந்த அளவில் சராசரி இடைவெளி 21 அல்லது 22, எனவே ஒன்றும் விசேஷமில்லை. இரட்டை முதன்மைச் சோடியாகவும் வராது. 2ஐக் கூட்டினால் 3ஆல் வகுபடும், கழித்தால் 5இல் முடியும்.

7⁵ = 16807. எழுமாற்று எண்கள் தரும் பழைய நிரல்களில் இந்த 16807ம் நமது 2147483647ம் சேர்ந்து வரும். 1இல் தொடங்கி 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டே போவது. முதலாவது 16807, இரண்டாவது 282475249, பத்தாயிரமாவது 1043618065. எழுதிய நிரல் சரியா என்று பார்க்க இந்தப் பத்தாயிரமாவதையே எல்லாரும் பாவிப்பார்கள்.

32 துவித இலக்கத்தில் குறியோடு வைக்கக்கூடிய ஆகப் பெரிய முழு எண்ணும் இதுவே. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கப் போகிறவர்கள் நிரல் எழுதத் தொடங்கியதும் இதைச் சந்திப்பார்கள். 1970 ஜனவரி 1இலிருந்து செக்கன்களை எண்ணும் பழைய கணினி முறைகள், இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனில் இந்த எண்ணைத் தொடும். அடுத்த செக்கனுக்கு அவற்றில் இடமில்லை. இதற்கும் எண் முதன்மையாக இருப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, வடிவம்தான் ஒன்று.

2இன் சுட்டியாக இந்த எண்ணையே வைத்து ஒன்றைக் கழித்தால் இன்னொரு முதன்மை வருமா என்று கேட்கத் தோன்றும். வராது. 295257526626031 அதை வகுக்கிறது. அந்தக் காரணி 2147483647ஐ 137490ஆல் பெருக்கி 1ஐக் கூட்டியது. இரண்டாம் படியில் பார்த்த அதே விதி.

இன்னும் பெரிய எண்கள்

2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பதில் 41024320 இலக்கங்கள். பெரிய மெர்சென் எண்களைத் தேடும் கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில் லூக் டூராண்ட் கண்டுபிடித்தது. முதலில் “இருக்கலாம்” சோதனை, பிறகு லூக்காஸ்–லெமர். நாம் மேசையில் செய்த அதே சோதனைகள், ஒழுங்கு மட்டும் மாறி.

மடக்கை அட்டவணைக்கு வேலை இங்கேதான். 2இன் அடுக்கில் எத்தனை இலக்கம் என்று அறிய, சுட்டியை 2இன் மடக்கையால் பெருக்கி, முழுப்பகுதியோடு 1ஐக் கூட்டுங்கள். 31 × 0.3010 = 9.331, எனவே பத்து இலக்கம். தசமப் பகுதிக்கு முரண்மடக்கை 2.143, தொடக்க இலக்கங்கள் 2.14 என்பது சரிதான். இதே 0.3010ஐப் பெரிய எண்ணுக்குப் பாவித்தால் 41020233 என்று வரும், நாலாயிரத்துக்கு மேல் குறைவு. 0.30103 போட்டால் 41024321, ஒன்று கூட. 0.30102999566398 போட்டால்தான் 41024319.9453 வந்து 41024320 கிடைக்கும். சுட்டியில் ஒன்பது இலக்கம் இருந்தால் மடக்கையில் நாலு தசமம் போதாது. அந்த .9453இலிருந்து எண் 88 என்று தொடங்குவதும் தெரியும். கடைசி இரண்டு இலக்கத்தைக் கையாலேயே எடுக்கலாம். 2இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கம் 2ஆவது அடுக்கிலிருந்து 20 அடுக்குக்கு ஒரு தடவை திரும்பும். சுட்டியை 20ஆல் வகுத்தால் மீதி 1. 2²¹ = 2097152. எனவே 52, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 51.

கிம்ப்ஸில் சேர்ந்து தேட விரும்பினால் பிரைம்95 என்ற இலவச மென்பொருளை ஒரு மேசைக் கணினியில் நிறுவலாம். கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் வேண்டாம். இந்த அளவு எண் ஒன்றே நினைவகத்தில் 17 மெகாபைற், அதை 13 கோடித் தடவைக்கு மேல் வர்க்கிக்க வேண்டும். நாள்கணக்கில், பழைய கணினியில் வாரக்கணக்கில், செயலி முழு வேகத்தில் ஓடும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்து ஓட்டினால் சூட்டில் கணக்கு பிழைக்கும். மென்பொருளுக்குள் பிழை பிடிக்கும் ஏற்பாடு இருந்தாலும் திரும்பத் திரும்பப் பின்னுக்குப் போய் நேரம் கரையும். விசிறியின் தூசியை முதலில் தட்டுங்கள், செயலியின் கருக்களில் பாதியை மட்டும் கொடுங்கள். கரண்ட் போனாலும் பயமில்லை, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதுவரை செய்த வேலையைச் சேமித்துவைக்கும். மின்சாரக் கட்டணத்தை மட்டும் முதலே கணக்குப் பார்த்துவிடுங்கள், ஒரு மாதம் ஓட்டினால் அது சின்னத் தொகை இல்லை.

அதற்கு முன் 2⁶¹ − 1ஐ நாலாம் படியில் போட்டுப் பாருங்கள். 59 தடவை. கடைசிக்கு முந்தியது 2³¹ அல்லது அதன் எதிர்ப்பக்கமாக வர வேண்டும்.